மகிழமரத்தடிச் சத்தியம்

குறுவை நடவு முடிந்ததும் திருவாரூர்த் தியாகராசர் சன்னதிக்குப் போவேன். அங்கே நின்றால் எனக்குத் தேவாரம் பாடிய சுந்தரர் நினைப்புத்தான். மரபு அவருக்குத் தரும் ஆயுள் 18 ஆண்டுகள். திருவொற்றியூரில், தாம் மணக்கவிருந்த சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்தார். சன்னதியில்தான் சத்தியம் செய்யவேண்டிவரும் என்று எண்ணி, அப்போது மரத்தடிக்குப் போய்விடும்படி முன்னதாகச் சிவனிடமே கேட்டிருந்தார். என்ன துணிச்சல் அந்தப் பிள்ளைக்கு! ஆரூர் வசந்தவிழா நினைவு வந்ததும் கிளம்பினார். சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லை தாண்டியதும் பார்வை போயிற்று. காஞ்சியில் இடக்கண் வந்தது, ஆரூரில் வலக்கண். ஆரூர்ப் பதிகத்தில் கெஞ்சலைவிட உரிமைச் சண்டையே அதிகம். வருந்துகிறவன் ஆசையையும் துறக்கவேண்டுமா? இறைவன் அப்படிக் கேட்கவில்லை என்றே நம்புகிறேன். ஆனால் ஒற்றியூரில் தனித்துவிடப்பட்ட சங்கிலியாருக்கு அவர் பட்ட கடன்? அதைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் இன்னும் பேசியிருக்கவேண்டும்.