முற்றுப்பெறாத திருப்பணி

சித்திரை பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும், சென்னையிலும் செங்கற்பட்டிலும் காஞ்சியிலும் உள்ள குடும்பங்கள், பள்ளி விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, புளியோதரையும் தயிர்சாதமும் நிறைந்த பாத்திரங்களோடு மாமல்லபுரத்துக் கடற்கரையை நாடிப் புறப்படுவது நெடுநாளைய வழக்கம். நண்பகல் கடந்து கடற்காற்று எழும் வேளையில் அந்த மணலில் கால் வைத்தவர்கள் அக்கினி நட்சத்திரத்தின் கொடுமையை மறந்துவிடுகிறார்கள். நுங்கு விற்பவர் குரலும், அலையில் நனைந்து கூவும் குழந்தைகளின் ஆரவாரமுமே அப்போது அவர்களுடைய உலகம். இந்த இன்பத்தைச் சிறியதென்று நான் எண்ணவில்லை. உடல் குளிர்ந்து மனம் இளைப்பாறியிருக்கும்போதுதான் ஆழ்ந்த வினாக்கள் மனிதனை அணுகுகின்றன. மாமல்லையில் ஓய்ந்திருப்பவனை அணுகும் வினாவை அவ்வூரின் கற்களே எழுப்புகின்றன: இறைவனுக்கென்று தொடங்கி இடையிலே நின்றுபோன பணி வழிபாடாகுமா, ஆகாதா?

ஏழாம் எட்டாம் நூற்றாண்டுகளில் பல்லவ மன்னர்கள் இங்கே குடைவித்த குகைகளிலும் செதுக்குவித்த ஒற்றைக்கல் தளிகளிலும் பல முற்றுப்பெறாதவை. ஐந்து ரதங்கள் என்று நாம் வழங்கும் கோயில்களைச் செதுக்கியவர்கள், கட்டடம் எழுப்புவோரைப் போல அடியிலிருந்து மேலே சென்றவர்கள் அல்லர். பாறையின் உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கி இறங்கி வந்தவர்கள். ஆகையால் அவர்கள் பணி நின்ற இடத்தில், மேலே விமானம் முழு எழிலோடு விளங்க, கீழே பாறை பாறையாகவே கிடக்கிறது. தர்மராஜ ரதத்தின் மேல்நிலைகள் செம்மையாக அமைந்திருக்க, அடித்தளத்தின் உட்புறம் குடைந்து முடிக்கப்படவில்லை. ஊரின் மேற்குப் புறத்தில், கூட்டம் அதிகம் செல்லாத வலையன்குட்டை ரதத்தையும் பிடாரி ரதங்களையும் காண்பவர்க்கு இது இன்னும் தெளிவாகப் புலப்படும். முகடும் கூடுகளும் துலங்க நிற்கும் அத்தளிகளுக்குக் காலே இல்லை. முடிவுறாத குகைகள் சிலவற்றின் முகப்பில், கல்லைச் சதுரம் சதுரமாகக் கீறி, கீறலுக்கு நடுவே நின்ற கட்டிகளை ஒவ்வொன்றாக உடைத்தெடுத்த முறையின் சுவடு இன்றும் அழியாமல் இருக்கிறது. உடைபடாமல் நின்ற அச்சதுரங்களின் முன் நிற்கும்போது, மறுநாள் வந்து தொடரலாம் என்று உளியை வைத்துவிட்டுப் போன ஒருவனை நினையாமல் இருக்க முடியாது.

பணி ஏன் நின்றது என்பதற்கு ஆராய்ச்சியாளர் பல காரணம் கூறுவர்: அரசன் மறைந்திருக்கலாம்; பின்வந்தவனுக்கு வேறு நாட்டம் இருந்திருக்கலாம்; பாறையைக் குடைவதை விட்டு, கற்களை அடுக்கிக் கோயில் எழுப்பும் முறைக்குக் காலம் மாறியிருக்கலாம். கடற்கரைக் கோயிலைக் கட்டிய இராஜசிம்மன் காலத்தில் அம்மாறுதல் நிகழ்ந்தது உண்மை. காரணம் எதுவாயினும் நம் வினா அப்படியே நிற்கிறது.

ஆகமத்தின் விடை கண்டிப்பானது. அங்கம் குறைந்த பிம்பம் பூஜைக்கு உரியதன்று. இலட்சணம் நிறைந்த பிம்பமும், கண்திறப்பும் பிரதிஷ்டையும் நடைபெறும் வரை, கல்லே. மாமல்லபுரத்துத் தெருக்களில் இன்றும் உளியோசை கேட்கிறது. 1957-இல் அங்கே தோன்றிய அரசுச் சிற்பப் பயிற்சி நிலையம் வளர்ந்து கல்லூரியாக நிலவுகிறது. அங்குள்ள பட்டறைகளில் உருவாகும் மூர்த்தங்கள் பல ஊர்க் கோயில்களுக்குச் செல்கின்றன. விரல் ஒன்று பின்னப்பட்டாலும் அந்த மூர்த்தத்தைச் சந்நிதிக்கு அனுப்ப ஸ்தபதிகள் இசையமாட்டார்கள். இக்கண்டிப்பை நான் குறுகிய புத்தி என்று கருதவில்லை. தெய்வத்துக்குக் கொடுப்பதில் குறை வைக்கலாகாது என்னும் மரியாதையே அதன் வேர். அது தளர்ந்த இடத்தில் கலையும் தளர்ந்துவிடும், பக்தியும் தளர்ந்துவிடும். ஆனால் விதி பேசுவது பொருளைப் பற்றி. நம் வினாவோ அப்பொருளைச் செய்ய முனைந்த ஜீவனைப் பற்றியது.

அதற்கு விடை தேடுபவன் கடலிலிருந்து ஊருக்குள் திரும்பித் தலசயனப் பெருமாள் சந்நிதிக்கு வரவேண்டும். பூதத்தாழ்வார் அவதரித்த தலம், திருமங்கையாழ்வார் கடல்மல்லை என்று போற்றிய தலம் இது. இங்கே எம்பெருமான், பாம்பணையும் இன்றி, வெறுந்தரையில் பள்ளிகொண்டிருக்கிறார். அதற்குத் தலபுராணம் கூறும் காரணம் என் நெஞ்சை விட்டு அகலாதது. புண்டரீக மகரிஷி என்பவர் தாமரை மலர்களைப் பறித்துக்கொண்டு, அவற்றைத் திருப்பாற்கடலில் பள்ளிகொண்டவன் திருவடியில் சாத்தவேண்டும் என்று புறப்பட்டார். இக்கரைக்கு வந்தபோது கடல் குறுக்கே நின்றது. அவரோ திரும்பிப் போகாமல், வழி உண்டாகட்டும் என்று கடல்நீரைத் தம் இரு கைகளாலும் இறைக்கத் தொடங்கினார். பித்தர் என்று எவரும் சிரிக்கக்கூடிய காரியம். பகவான் முதியவராக வந்து பசி என்றார். உணவு கொண்டுவர ரிஷி சென்றார். திரும்பி வந்தபோது, அம்முதியவர், ரிஷி பறித்து வைத்திருந்த மலர்களைத் தாமே சூடிக்கொண்டு, அதே கரையில், மண்ணிலே படுத்திருந்தார்.

இக்கதையில் கடல் வற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பகவான் அதை வற்றச் செய்திருக்கலாம்; இராமபிரான் பொருட்டு அணைக்கு இடம் தந்த கடல், இங்கே ஒரு முழமும் விலகவில்லை. பணி முடியவில்லை; சேரவேண்டிய பொருள் மட்டும் சேர்ந்துவிட்டது. போகமுடியாத தூரத்தைக் கடந்து வந்தவன் அடியவன் அல்லன், ஆண்டவன். தரையிலே கிடக்கும் அக்கோலத்தைத் தரிசிக்கும்போதெல்லாம், முடியாத காரியத்தைத் தொடங்கியவனுக்காக இறைவன் தன் ஆசனத்தையே துறந்து வந்தான் என்னும் எண்ணம் என்னை உருக்குகிறது.

இதைக் கொண்டு, முயற்சியை எந்நிலையிலும் விட்டுவிடலாம், எண்ணம் இருந்தால் போதும் என்று சாதிப்பவர் உண்டு. அவர்கள் பூசலார் நாயனாரையும் துணைக்கு அழைப்பார்கள். பெரியபுராணத்தில் சேக்கிழார் காட்டும் பூசலாரை ஊன்றிப் பார்த்தால் அந்தச் சாதனை நில்லாது. திருநின்றவூரில் வாழ்ந்த அவ்வடியார் முதலில் பொருள் தேடி அலைந்தவர். எங்கும் கிட்டாமல் போன பிறகே, மனத்தினால் பொருள் திரட்டி, மனத்தினால் தச்சரையும் தேர்ந்து, நல்ல நாள் பார்த்து அடிநிலை இட்டு, இரவும் உறங்காமல், உபானம் முதல் சிகரம் வரை ஓர் அங்கமும் விடாமல் கட்டி முடித்துப் பிரதிஷ்டைக்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தான் எடுத்த கற்றளிக்குப் பிரதிஷ்டை செய்ய இருந்த காடவர்கோன் கனவில் இறைவன் தோன்றி, நின்றவூர் அன்பனின் ஆலயத்துக்கு நாளை செல்கிறோம், உன் செயலைப் பின்னர் வைத்துக்கொள் என்று பணித்தான். அந்தக் காடவர்கோன் கைலாசநாதர் கோயிலை எடுத்த இராஜசிம்மனே என்று அறிஞர் பலர் கொள்வர். ஆயின் இக்கடற்கரையில் அலைமுன் நிற்கும் கோயிலைக் கண்டவனும் அவனே. கல் ஒன்றும் இல்லாத பூசலார் தம் ஆலயத்தில் ஒரு வரிசையையும் குறைத்துவிடவில்லை. அகத்தே செய்தாலும் புறத்தே செய்தாலும் உழைப்பு அதே உழைப்பு. கைவிட்டவனுடைய பணிக்கும், கைக்கு மீறிப்போனவனுடைய பணிக்கும் உள்ள வேறுபாட்டை மறைத்துப் பேசுவது பக்திக்கே அபசாரம்.

தலசயனப் பெருமாள் சந்நிதிக்குப் பின்னே இருக்கிறது அந்தப் பெரும்பாறைச் சிற்பம். அருச்சுனன் தபசு என்பார் சிலர், பகீரதன் தபசு என்பார் சிலர். அதன் இடப்புறக் கீழ்ப்பகுதியும் செதுக்கி முடிக்கப்படாததே. எப்பெயரைக் கொண்டாலும் நம் வினா அங்கே காத்திருக்கிறது. அருச்சுனன் கீதையின் ஆறாம் அத்தியாயத்தில், சிரத்தையோடு யோகத்தைத் தொடங்கி முடிவு எய்தாமல் போனவன் இரு உலகத்தையும் இழந்து கெட்டுவிடுவானோ என்று கண்ணனைக் கேட்கிறான். நன்மை செய்தவன் எவனும் துர்க்கதி அடைவதில்லை, விட்ட இடத்திலிருந்து மறுபிறவியில் தொடர்வான் என்பதே பெற்ற மறுமொழியின் சாரம். பகீரதன் கதையோ இன்னும் நீண்டது. சகரபுத்திரர்களின் சாம்பலை நனைக்கக் கங்கையைக் கொணர வேண்டும் என்று தவம் கிடந்தவர்களில் அவன் முதல்வன் அல்லன். பாட்டன் அம்சுமான் தவம் செய்து காணாமலே மறைந்தான். தந்தை திலீபனும் வழி அறியாமலே மறைந்தான். கங்கை இறங்கியபோது நனைந்த சாம்பலில் அவ்விருவர் தவமும் கலந்திருந்ததென்றே நான் கருதுகிறேன். ஒரு பிறவியை மட்டும், ஓர் ஆளை மட்டும் வைத்துக் கணக்குப் பார்ப்பதனால்தான், முடியவில்லை என்ற சொல் நமக்கு இவ்வளவு கொடிதாகக் கேட்கிறது.

இனி, உளியை வைத்துவிட்டுப் போன அந்தச் சிற்பியின் நிலை என்ன? சங்கற்பம் அரசனுடையது; உழைப்போ அவனுடையது. கோயில் முழுமை பெறவில்லை என்ற குறை அரசனைச் சேரலாம். தான் செதுக்கிய தேவமுகத்தில் புன்னகையை நிறைவாக்கிய சிற்பிக்கு, அந்த அளவில், பணி முடிந்தே இருக்கிறது. தர்மராஜ ரதத்தின் மேல்நிலையில் சோமாஸ்கந்த மூர்த்தம் ஒன்று உண்டு. கீழே நிற்பவர் கண்ணுக்கு அது அகப்படாது. ஆயினும் கண்ணுக்கு அகப்படும் இடங்களுக்குக் காட்டிய சிரத்தையில் எள்ளளவும் குறையாமல் அமைத்திருக்கிறார்கள். அடித்தளம் குடைந்து தீராத அந்தத் தளியின் மேல்நிலையில், அது அத்யந்தகாமன் என்னும் பல்லவன் பெயரால் அமைந்த ஈசுவரனுடைய இல்லம் என்று கல்லிலே எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். அந்தப் பெயரைப் பொறிக்கச் சொன்னவனுக்குக் கீழ்நிலையின் குறை தெரியாமல் இருந்திருக்க நியாயமில்லை. தெரிந்தே, அதை இறைவன் வீடு என்று அழைத்தான். நானும் அவ்வாறே அழைக்கிறேன்.