வில்லையூடே காண்பதும் காட்சியே

உப்பும் ஈரமும் படிந்த பலகையில் மின்சாரம் ஓடினால் செம்பு கரையும். குச்சவெளியிலிருந்து திரியாய் வரை நீளும் கரையில் கைபேசியும் படகில் வைக்கும் ஜிபிஎஸ்ஸும் பழுதாவதற்கு இது வழமையான ஒரு காரணம். மின்னழுத்தம் வேறுபட்ட இரு தடங்களுக்கிடையே உலோகம் கரைந்து நகர்கிறது, பச்சை படிகிறது, கடைசியில் ஒரு தடம் அறுகிறது அல்லது இரண்டும் ஒட்டி ஷோர்ட் ஆகிறது. இன்றைய பலகைகளில் இருக்கும் சிறு தடையி ஒன்றின் நீளம் 0.6 மில்லிமீற்றர், அகலம் அதில் பாதி. வாசிக்கும் தூரத்தில் மனிதக் கண் பிரித்தறியும் எல்லை ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் என்பதால், அந்தத் தடையியின் ஓரத்து ஈயப்பற்றில் விழுந்த வெடிப்பு வெறுங்கண்ணுக்கு அகப்படாது. ஆகவே திருத்துபவர் பலகையை இருகண் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, “தடம் அறுந்திருப்பதைக் கண்டேன்” என்கிறார். உண்மையில் அவர் கண்டாரா? அல்லது வில்லைகள் கொடுத்த உருவத்தை வைத்து, அங்கே ஒன்று அறுந்திருக்க வேண்டும் என்று கருதினாரா?

இதைக் கேட்பதற்குத் திரியாய் பொருத்தமான இடம். அங்குள்ள கிரிகண்டு குன்றின் பாறையில் ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்று மகாயான பௌத்தத்தின் பக்தியைப் பதிந்து வைத்திருக்கிறது. சூழவுள்ள ஊர் சைவ ஊர். பௌத்த அளவைவாதிகள் அறிவு பெறும் வழிகளை, அதாவது அளவைகளை, காட்சி, அனுமானம் என்ற இரண்டோடு நிறுத்தினார்கள். மணிமேகலையின் 29ஆம் காதை அந்த அளவையைத் தமிழில் விரிக்கிறது. சைவ சித்தாந்தம் காண்டல், கருதல், உரை என மூன்றைக் கொண்டது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் தன் கொள்கையைச் சொல்லும் பகுதியை அளவையோடுதான் தொடங்குகிறார். எதை அறிந்தோம் என்று சொல்லுமுன் எப்படி அறிந்தோம் என்று கேட்கும் இந்தப் பழக்கம், மின்சுற்றுப் பலகைக்கு முன் உட்கார்ந்திருப்பவருக்கும் உரியது.

வெறுங்கண்ணால் காண்பதே காட்சி, மற்றதெல்லாம் ஊகம் என்ற நிலைப்பாட்டை 1980இல் மெய்யியலாளர் பாஸ் வான் ஃப்ராசன் வலுவாக முன்வைத்தார். கருவியின்றி மனிதப் புலனுக்கு எட்டுவதே அவருக்குக் காணத்தக்கது. இந்த நிலைப்பாட்டுக்கு அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கிறது: கண் தானாகவே காணும், கருவி இடையில் வந்து புகுந்தது. சைவ சித்தாந்தம் மறுப்பது இந்த நம்பிக்கையைத்தான். அதன்படி கண் தத்துவங்களுள் ஒன்று, மாயையிலிருந்து வந்த சடம். ஒளி இருந்தும், உயிர் நின்று காட்டாவிட்டால் அது எதையும் காணாது. உயிரும் தன்னளவில் அறிந்துவிடாது. இறைவன் உடன்நின்று காட்டவும் காணவும் உதவினால்தான் அதற்கு அறிவு நிகழும். இறைவன் செய்வதாகச் சொல்லப்படும் இந்த உதவியை ஒருவர் ஏற்காவிட்டாலும், முதற்படி நிற்கிறது: துணையில்லாத காட்சி என்று உலகில் எதுவும் இல்லை. விழிக்குள் இருப்பதும் ஒரு வில்லைதான். அதற்கு முன் இன்னும் சில வில்லைகளை வைத்ததனால் காட்சி கருதலாகிவிடுகிறது என்றால், மூக்குக்கண்ணாடி போட்டவர் எவரும் எதையும் காணவில்லை என்று சொல்ல நேரிடும். நியாய சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயத்திலேயே இந்த வழக்கு வந்திருக்கிறது. கண்ணாடி, அப்பிரகம், படிகம் இவற்றுக்கு அப்பாலுள்ள பொருளும் தெரிகிறதே, அங்கே புலன் பொருளைச் சேர்வது எப்படி என்று எதிராளி கேட்கிறான். தெளிந்த பொருள் கண்ணொளியைத் தடுப்பதில்லை என்பது விடை. கண்ணிலிருந்து ஒளி புறப்படுகிறது என்ற பௌதிகம் பிழை. ஆனால் கண்ணாடி ஊடாகக் கண்டதைக் காட்சி என்றே வைத்த தீர்ப்பு சரியானது.

கண்ணாடி வேறு, நாற்பது மடங்கு பெருக்குவது வேறு என்று ஒருவர் சொல்லலாம். இங்கே ஸூம் குமிழ் ஒரு வாதமாகவே நிற்கிறது. வழமையான இருகண் நுணுக்குக்காட்டி 7 மடங்கிலிருந்து 45 மடங்கு வரை இடைமுறியாமல் போகும். 7 மடங்கில் தெரிவது, சற்றுமுன் வெறுங்கண்ணால் பார்த்த அதே பலகை, அதே ஐசி. குமிழைத் திருப்பத் திருப்ப அதே பொருள் நெருங்கி வருகிறது. “இதுவரை கண்டேன், இனி ஊகிக்கிறேன்” என்று கோடு கிழிக்க அந்தச் சுழற்சியில் ஓர் இடமும் இல்லை. மங்கலான எல்லைக்கும் இரு பக்கங்கள் உண்டு, அந்தி இருப்பதனால் பகலும் இரவும் ஒன்றாகிவிடாது என்பது வான் ஃப்ராசன் தரப்பின் பதில். நியாயமான பதில்தான். ஆனால் தொடர்ச்சி மட்டும் நம் சான்று அல்ல. பார்ப்பவரின் கையும் உள்ளே இருக்கிறது. பலகைக்கும் வில்லைக்கும் இடையே ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் இடைவெளி உண்டு, உருவம் தலைகீழாகாமல் நேராகவே தெரிகிறது. ஆகவே இடுக்கியும் சோல்டரிங் அயனும் அந்தக் காட்சிக்குள்ளேயே வேலை செய்கின்றன. இடுக்கி முனை தடையியைத் தள்ளுகிறது, அது நகர்கிறது. அறுந்த தடத்துக்கு மயிரிழைக் கம்பி ஒன்றை ஒட்டுகிறார்கள், கைபேசி சார்ஜ் ஏறுகிறது. நுணுக்குக்காட்டியில் பார்ப்பதென்பது குறுக்கிட்டுச் செய்து பார்ப்பது என்று இயன் ஹக்கிங் 1981இல் எழுதியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

திரிபுக் காட்சியை என்ன செய்வது? சித்தாந்தம் ஐயத்தையும் திரிபையும் களைந்த பிறகே காட்சியை அளவையாக ஏற்கிறது. இந்தக் கருவியில் அவற்றைக் களையும் வழிகள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. இரு கண்ணுக்கும் இரு வேறு ஒளிப்பாதைகள் இருப்பதால், ஒரு பாதையில் ஒட்டிய தூசி மற்றக் கண்ணுக்குத் தெரியாது. பலகையை நகர்த்தும்போது கூடவே நகரும் புள்ளி பலகையில் உள்ளது. கண்வில்லையைச் சுழற்றும்போது சுழலும் புள்ளி கண்வில்லையில் உள்ளது. அதோடு இரு பாதைகளும் சாய்ந்து சந்திப்பதால்தான் ஆழம் தெரிகிறது: ஈயம் காலில் ஏறிப் பிடித்திருக்கிறதா, வெறுமனே பக்கத்தில் குமிழாக உட்கார்ந்திருக்கிறதா என்பது அந்த ஆழத்தில்தான் பிடிபடும்.

இதைவிடக் கடினமான தடை பௌத்தரிடமிருந்து வரும். திங்நாகர் மரபில் பெயரும் கற்பனையும் சேராத தூய அறிவே காட்சி. பழகாதவர் பார்க்கும்போது மினுங்கும் உலோகம் மட்டும் தெரிகிறது; பழகியவர் “இது சரியாக உருகாத பற்று” என்கிறார். அந்தச் சொல் வந்த கணமே அது காட்சியைத் தாண்டிவிட்டது என்பது பௌத்தர் வாதம். நான் இதில் சித்தியார் பக்கம் நிற்கிறேன்: பெயரும் இனமும் அறிந்து காண்பதும் காட்சியின் ஒரு நிலையே, பயிற்சி காட்சியைக் கூர்மையாக்குகிறது. ஆனாலும் பௌத்தரின் எச்சரிக்கையைத் தள்ளிவிடக் கூடாது. ஐசியின் ஓரத்தில் பழுப்பு நிறம் தெரிகிறது என்பது காட்சி. எரிந்துவிட்டது என்பது தீர்ப்பு. அந்தப் பழுப்பு பழைய ஃப்ளக்ஸின் எச்சமாகவும் இருக்கலாம். ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்த பிறகும் நின்றால் மட்டுமே தீர்ப்புக்கு இடம் உண்டு.

காட்சி என்று ஒப்புக்கொண்டதும் அதன் எல்லையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஐசியின் வயிற்றுக்கடியில் வரிசையாக இருக்கும் ஈயக் குண்டுகளில் ஓரத்து வரிசைக்கு மேல் இந்த வில்லைக்குத் தெரியாது. அதற்கு எக்ஸ்ரே வேண்டும். உள்ளே ஷோர்ட் ஆன பீங்கான் கொள்ளளவி வெளியில் எந்தக் குறையுமில்லாமல் இருக்கும். மல்ரிமீற்றர் சொல்வதையும் அது சூடாவதையும் வைத்துக் கருத வேண்டும். வில்லை கருதலை ஒழிக்கவில்லை, அது தொடங்கும் இடத்தைத் தள்ளி வைத்தது. இதே காரணத்தால், பெருக்கும் வலிமை கூடக்கூட இறைவனுக்கு இடம் குறையும் என்ற அச்சத்துக்கும் சைவத்தில் அடிப்படை இல்லை. உலகையும் கருவிகளையும் சார்ந்த பாசஞானத்தாலும் உயிரின் அறிவான பசுஞானத்தாலும் பதியாகிய இறைவனை அறிய முடியாது என்று அது முன்னமே சொல்லிவிட்டது. எத்தனை மடங்கு பெருக்கினாலும் வில்லை பாசத்தின் எல்லைக்குள்ளேயே நிற்கும்.

மூன்றாவது அளவையான உரை எஞ்சியிருக்கிறது. பலகையின் சொந்தக்காரர் அந்தக் கண்வில்லையில் பார்ப்பதில்லை. சில நுணுக்குக்காட்டிகளில் மூன்றாவது குழாயொன்றும் கமராவும் உண்டு, திரையில் அவருக்கும் காட்டலாம்; ஆனால் கமரா ஒற்றைக் கண், ஆழம் அங்கே தொலைகிறது, பற்று ஏறியிருக்கிறதா என்பது மறுபடியும் திருத்துபவர் சொல்லில்தான் தங்குகிறது. உரை அளவையாவதற்குச் சொல்பவர் உள்ளதை அறிந்தவராகவும் பொய் சொல்லாதவராகவும் இருக்க வேண்டும் என்பது மரபின் நிபந்தனை. ஆகவே பலகையைத் திருப்பிக் கொடுக்கும்போது “இதைக் கண்டேன், இதைக் கருதினேன், இது தெரியவில்லை” என்று மூன்றையும் பிரித்துச் சொல்ல அவர் கடமைப்பட்டிருக்கிறார்.