கப்பலுக்கு எத்தனை பெயர்?

இன்று காலை இட்லி சாப்பிட்டீர்களா? அதில் அரைத்துப் போட்ட உளுந்து எந்த ஊர் உளுந்து என்று தெரியுமா? எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. திருமயத்தில் அக்கா வீட்டில் நாலாவது இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா மகன் சொன்னான்: "பர்மா உளுந்தா இருக்கும் மாமா. ரங்கூன்ல கப்பல் ஏறி மெட்ராஸ்ல இறங்கியிருக்கும்."

அவன் சொன்னால் நம்பலாம். சரக்குக் கப்பலில் செகண்ட் இன்ஜினீயர். ஆறு மாசம் கடல், மூணு மாசம் ஊர். இத்தனைக்கும் கடலே கண்ணில் படாத ஊரில் பிறந்தவன். திருமயத்தில் நீங்கள் போய்ப் பார்க்கக்கூடியது மலை, மலையைக் குடைந்த கோயில்கள், 1687-ல் சேதுபதி கட்டிய கோட்டை, அதன் உச்சியில் ஒரு பீரங்கி. ஆனால் அக்காவின் அடுப்படியில் பாமாயில் இந்தோனேஷியாவிலிருந்து வந்தது. துவரம்பருப்பு மொசாம்பிக்காகக்கூட இருக்கலாம். உலக வாணிபச் சரக்கில் எண்பது சதவீதத்துக்கு மேல் கப்பலில்தான் போகிறது.

அன்று சாயங்காலம் கோட்டை மேல் உட்கார்ந்திருந்தோம். நல்ல காற்று. பையன் திடீரென்று கேட்டான்: "சரக்குக் கப்பல்லயும் அணு உலை வைக்கப்போறாங்கன்னு பேச்சு ஓடுது மாமா. அப்படி ஒண்ணு வந்தா, அதுல நான் வேலைக்குப் போகலாமா, கூடாதா?"

சம்பளத்தை மனதில் வைத்து அவன் கேட்கவில்லை. தப்பா, சரியா என்று கேட்டான். என்னிடம் போய்!

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். அணு உலை என்றதும் பயந்துவிடாதீர்கள். அது அடிப்படையில் ஒரு வெந்நீர் அடுப்பு. யுரேனியம் பிளக்கும் சூட்டில் தண்ணீர் கொதிக்கிறது, நீராவி டர்பைனைச் சுற்றுகிறது. மின் நிலையங்களில் அந்த நீராவி ஓடுகிற குழாய்களை இதே திருமயத்தில் பெல் தொழிற்சாலை செய்கிறது. 2013-ல் பிரதமர் மன்மோகன் சிங் நாட்டுக்கு அர்ப்பணித்தது. ஆக, நீராவி திருமயத்துக்காரர்களுக்குப் புதுசு இல்லை.

இப்போது ஏன் இந்தப் பேச்சு? ஒரு பெரிய கன்டெய்னர் கப்பல் ஒரு நாளைக்கு நூறு டன்னுக்கு மேல் எண்ணெய் குடிக்கும். உலகத்தைச் சூடாக்கும் வாயுக்களில் ஏறக்குறைய மூன்று சதவீதம் கப்பல்களின் உபயம். 2050 வாக்கில் இதைப் பூஜ்யமாக்க வேண்டும் என்று சர்வதேச கடல்சார் அமைப்பு 2023-ல் இலக்கு வைத்தது. அதே வருஷக் கடைசியில் சீனாக்காரர்கள் தோரியம் உலை வைத்த ராட்சத கன்டெய்னர் கப்பலின் வரைபடத்தைக் காட்டினார்கள். உலை வைத்தால் புகை இல்லை, வருஷக்கணக்கில் எரிபொருள் நிரப்ப வேண்டியதும் இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் இது புதுக்கதை இல்லை. 1959-லேயே அமெரிக்கா 'சவன்னா' என்ற கப்பலைக் கடலில் இறக்கியது. வெள்ளை வெளேர் என்று, சினிமா நடிகை மாதிரி இருக்கும். சரக்கும் ஏற்றலாம், பயணிகளும் போகலாம். கட்டுப்படியாகவில்லை, 1971-ல் நிறுத்திவிட்டார்கள். உலையைப் பிரித்து எடுக்க மட்டும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

ஜப்பான்காரர்களின் 'முட்சு' இன்னும் பாவம். முட்சு விரிகுடா மீனவர்கள் படகுகளைக் குறுக்கே நிறுத்தி மறித்தார்கள். எங்கள் சிப்பி விற்காமல் போனால் யார் பொறுப்பு என்பது அவர்கள் கேள்வி. 1974 ஆகஸ்டில் எப்படியோ நழுவி நடுக்கடல் போய் உலையைப் பற்ற வைத்தார்கள். சில நாளிலேயே கதிர்வீச்சு கசிந்தது. போரான் கலந்த சோற்றை அப்பிக் கசிவை அடைக்கப் பார்த்தார்களாம்! கசிவு சின்னதுதான். ஆனால் சொந்த ஊர் மீனவர்கள் உள்ளே விடவில்லை. துறைமுகத்தையே மாற்றுகிறோம் என்று அரசாங்கம் இறங்கி வந்த பிறகுதான் கப்பல் கரை சேர்ந்தது. அதுவரை ஒன்றரை மாசம் கடலில் மிதந்தது. நம் இடிந்தகரை மக்கள் 2011-ல் கூடங்குளத்துக்கு எதிரே உட்கார்ந்து கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான்.

மூன்றாவது கப்பலைப் பாருங்கள். அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. ஜெர்மனியின் 'ஓட்டோ ஹான்'. 1968-லிருந்து 1979 வரை 22 நாடுகள், 33 துறைமுகங்கள், பெரிய விபத்தே இல்லை. தொழில்நுட்பத்தில் பாஸ். செலவு தாங்காமல் உலையைக் கழற்றிவிட்டு டீசல் வைத்தார்கள். பிறகு அந்தக் கப்பல் கைமாறியது. பெயர் மாறியது. மறுபடி கைமாறியது, மறுபடி பெயர். கடைசியில் லைபீரியக் கொடியோடு 2009-ல் எங்கே வந்து சேர்ந்தது தெரியுமா? நம் குஜராத்தில், அலங் கடற்கரையில், பழைய இரும்புக்கு.

உலையைக் கழற்றும்போது கப்பலுக்குப் பின்னால் ஜெர்மன் அரசாங்கம் நின்றது. மூன்றாவது முதலாளி கையிலோ, நாலாவது பெயரிலோ இருக்கும்போது கழற்ற வேண்டி வந்திருந்தால்?

பையன் சிரித்தபடி செல்போனில் ஒரு படம் காட்டினான். அவன் கப்பலின் முகப்பு. இப்போதைய பெயருக்குக் கீழே, பெயின்ட்டை மீறி, பழைய பெயரின் வெல்டிங் தடம் மங்கலாகத் தெரிகிறது. "எங்க கப்பலுக்கு இது மூணாவது பேரு மாமா. முதலாளி ஒரு நாடு, கொடி ஒரு நாடு, நாங்க ஒரு நாடு."

கப்பல் வியாபாரமே இப்படித்தான். 2013-ல் 'ரோசஸ்' என்ற ஓட்டைக் கப்பல் பெய்ரூட் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. முதலாளி கைகழுவிவிட்டார். அதிலிருந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்டை கிடங்கில் போட்டு மறந்தார்கள். கப்பல் 2018-ல் மூழ்கியது. சரக்கு 2020 ஆகஸ்டில் வெடித்தது. இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 2017 ஜனவரியில் எண்ணூர் பக்கம் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதே, அதைக் கரையில் யார் அள்ளினார்கள், எதில் அள்ளினார்கள்? மீனவர்களும் காலேஜ் பிள்ளைகளும், பக்கெட்டில்.

அணு உலைக்குப் பயப்படுகிறவன் இல்லை நான். நீர்மூழ்கிக் கப்பலுக்கான மாதிரி உலையை நம் கல்பாக்கத்திலேயே ஓட்டினார்கள். ஆனால் அரிஹந்த் நீர்மூழ்கியை யாரும் பெயர் மாற்றி விற்க முடியாது. உலை கேட்பது ஐம்பது, அறுபது வருஷம் ஓடிப்போகாமல் நிற்கிற ஒரு முதலாளியை. முதலாளி ஓடிப்போக வசதியாக அமைந்த தொழில் சரக்குக் கப்பல். இந்த இரண்டுக்கும் கல்யாணம் பண்ணி வைக்கலாமா என்பதுதான் கேள்வி. அணுசக்திக் கப்பல் விபத்துக்கு யார் நஷ்டஈடு தருவது என்று 1962-லேயே பிரஸ்ஸல்ஸில் ஒரு ஒப்பந்தம் எழுதினார்கள். அது இன்றுவரை அமலுக்கு வரவில்லை!

பையனிடம் சொன்னேன்: "உலையை எந்தக் காலத்திலும் விற்க முடியாத சொத்தா ஒரு அரசாங்கம் வச்சுக்கணும். கடைசியில கழற்றுற செலவை முதல் பயணத்துக்கு முன்னாடியே கட்டணும். எந்தத் துறைமுகத்துக்குப் போகுதோ அந்தக் கரைக்காரங்களை முன்னாடியே கேட்கணும். இது மூணும் இருந்தா போ. ஒண்ணு குறைஞ்சாலும் போகாதே."

அவன் யோசித்தான். "சரிதான் மாமா. ஆனா அவ்வளவையும் பண்ணினா சரக்குக் கூலி ஏறும். உளுந்து விலையும் ஏறும்."

"ஏறட்டுமே" என்றேன் பெருந்தன்மையாக. வீட்டுக்கு உளுந்து வாங்குவது நான் இல்லை.

ராத்திரி சாப்பாட்டின்போது இதையெல்லாம் அக்காவிடம் சொன்னோம். முழுக்கக் கேட்டுக்கொண்டாள். தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"கிலோவுக்கு எவ்வளவுடா ஏறும்?" என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எவ்வளவு வரைக்கும் ஏறினால் நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள்?