வாக்கை முழுதாகப் போடுங்கள்

நண்பர்களே, ஒருவர் மெல்பர்னிலும் ஒருவர் யாழ்ப்பாணத்திலும் ஒருவர் லண்டனிலும் ஒருவர் மதுரையிலுமாகச் சிதறிக் கிடக்கும் நாம் கைப்பேசியில் கூடினால் தேர்தல் பேச்சு எப்படியும் வந்துவிடுகிறது. உங்கள் ஊரில் இயந்திரமா சீட்டா, விரலில் மை வைப்பார்களா, போடாவிட்டால் அபராதமா என்று மாறி மாறிக் கேட்டு வியக்கிறோம். வியப்பதில் தவறில்லை. ஆனால் பேச்சு கடைசியில் “உங்கள் முறை நல்ல முறை, எங்கள் நாட்டில் ஒன்றும் செய்ய முடியாது” என்ற இடத்தில் வந்து படுத்துவிடுகிறது. அங்கேதான் உங்களை மறிக்க வேண்டியிருக்கிறது. நம் நாட்டு முறை நமக்குக் கொடுத்திருப்பதையே நாம் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதைச் செய்யாதவருக்கு எந்த நாட்டு முறையைப் பார்த்து ஏங்கியும் பயனில்லை.

இலங்கையைப் பாருங்கள். ஜனாதிபதித் தேர்தலில் அங்கே 1, 2, 3 என்று மூவருக்கு வரிசை இடலாம். யாரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்றவர்கள் விலக்கப்படுவார்கள். அவர்களுக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பம் எண்ணப்படும். 1982 முதல் ஒவ்வொரு தேர்தலிலும் சீட்டில் காத்திருந்த இந்த ஏற்பாடு 2024 செப்டம்பரில்தான் முதல் தடவையாகத் தேவைப்பட்டது. முதல் இரண்டு இடங்களில் வந்த அநுர குமார திசாநாயக்க, சஜித் பிரேமதாச இருவரும் தவிர மற்றவர்களுக்கு விழுந்திருந்த வாக்குகள் 33 லட்சத்துக்கும் மேல். அவற்றிலிருந்து இந்த இருவருக்கும் சேர்த்து வந்த விருப்பு வாக்குகள் 3 லட்சத்தைக்கூட எட்டவில்லை. நாட்டை யார் ஆள்வது என்று கேட்கப்பட்ட இரண்டாவது கேள்விக்கு மீதிச் சீட்டுகள் பதில் சொல்லவில்லை.

இருவருமே வேண்டாம் என்று தீர்மானித்து வெறுமையாக விட்டிருந்தால் அது ஒருவருடைய நிலைப்பாடு, மதிக்கிறேன். எழுதலாம் என்பது தெரியாமலோ, ஒன்று போட்டால் போதும் என்ற அலட்சியத்தாலோ விட்டவர்களைத்தான் கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் முதல் தெரிவு வெல்லாது என்று தெரிந்தே போடுகிறீர்களா? தாராளமாகப் போடுங்கள். அடுத்த எண்ணையும் எழுதுங்கள். வீட்டில் முதல் தடவை வாக்களிக்கும் பிள்ளையை உட்காரவைத்து இதைச் சொல்லிக்கொடுங்கள்.

அதே நாட்டில்தான் வாக்கு பறிபோன கதையும் இருக்கிறது. 1931இலேயே பெண்களுக்கும் சேர்த்து வாக்குரிமை கண்ட தீவு அது. 1947 தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் இலங்கை இந்திய காங்கிரசுக்கு ஏழு இடங்களை வென்று தந்தார்கள். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. கொழுந்து பறித்த கைகள் நாடற்றவர்களின் கைகளாயின, வாக்கும் போயிற்று. அந்த இழப்பைச் சட்டத்தில் நேர்செய்து முடிக்க 2003 வரை ஆனது. அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் நம் நண்பர்களுக்குள் இருக்கிறார்கள். அவர்கள் காதுபட, வெயிலாக இருந்தது, வரிசை நீளமாக இருந்தது, அதனால் போகவில்லை என்று சொல்ல நமக்கு நா கூச வேண்டாமா?

இனி தமிழ்நாடு. இங்கே நான் கொஞ்சம் கடுமையாகப் பேசத்தான் வேண்டும். ஓட்டுக்குப் பணம் வாங்குவதை நாம் வெளிநாட்டு நண்பர்களிடம் வேடிக்கைச் செய்திபோல் சொல்கிறோம். வேடிக்கையில்லை. 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகரிலும், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் பணம் ஆறாக ஓடியதால் தேர்தல் ஆணையம் தேர்தலையே நிறுத்தியது. தொகுதி மொத்தமும் தலைகுனிய வேண்டிய நாட்கள் அவை.

“அவன் கொள்ளையடித்த பணம்தானே, நம் வரிப்பணம்தானே, வாங்கிக்கொண்டு மனசாட்சிப்படி போடுவேன்” என்கிறீர்கள். ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு சட்டமன்றத் தொகுதியில் 2 லட்சம் பேருக்குத் தலைக்கு 500 ரூபாய் என்றால் 10 கோடி. ஒரு வேட்பாளர் சட்டப்படி செலவழிக்க அனுமதி 40 லட்சம். மீதியை அவர் எங்கிருந்து எடுப்பார்? உங்கள் தெருச் சாலையில் எடுப்பார், ஆற்று மணலில் எடுப்பார், உங்கள் மகன் வேலைக்கு மனுப் போடும் இடத்தில் எடுப்பார். நேர்மையான ஒருவர் உங்கள் தொகுதியில் நிற்கவே துணியாமல் போவதற்கும் அந்தப் பணக் கவர்தான் காரணம். சட்டம் பணம் கொடுப்பவரை மட்டும் குற்றவாளியாக்கவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓட்டுக்காக வாங்குவதும் லஞ்சம், ஓராண்டு வரை சிறைக்கு இடமுண்டு.

இன்னொன்று. கற்பூரத்தின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு பணத்துக்கான டோக்கன் கொடுக்கும் ஊர்களும் உண்டு. வாங்கிய ஏழைத் தாய் வாக்குச்சாவடிக்குள் போனபிறகும் அந்தச் சத்தியத்துக்கு அஞ்சுகிறாள். “மனசாட்சிப்படி போடுவேன்” என்ற உங்கள் சாமர்த்தியம் அவளிடம் இல்லை. நீங்கள் வாங்காமல் கதவைச் சாத்தினால்தான் அடுத்த வீட்டில் அவளுக்கும் சாத்தத் துணிவு வரும். படித்தவர்களே, சம்பளக்காரர்களே, முதலில் சாத்த வேண்டிய கதவு உங்களுடையது.

யாரையும் பிடிக்கவில்லை என்றால் 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த நோட்டா இருக்கிறது. நோட்டாவுக்கே அதிக வாக்கு விழுந்தாலும் அடுத்து நிற்கும் வேட்பாளர்தான் வென்றவர் என்பதை அறிந்து அழுத்துங்கள். வீட்டில் படுத்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

மெல்பர்ன்காரர்களே, 1924 முதல் உங்கள் நாட்டில் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிப்பது கட்டாயம். அபராதத்துக்குப் பயந்து போய், கீழவைச் சீட்டில் மேலிருந்து கீழாக வரிசையாக எண்ணை நிரப்பிவிட்டு வராதீர்கள். வேட்பாளர்களைப் படித்துவிட்டு எண் இடுங்கள். லண்டன் நண்பர்களே, பிரிட்டிஷ் குடியுரிமை இல்லையென்று ஒதுங்காதீர்கள். அங்கே முறைப்படி வசிக்கும் இந்தியரும் இலங்கையரும் மலேசியரும் காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் நாடாளுமன்றத் தேர்தலிலேயே வாக்களிக்கலாம், படிக்கப் போன மாணவர்கள் உட்பட. பதிவுசெய்யாமல் இருப்பவர்கள் இந்த வாரமே செய்யுங்கள்.

ஊரில் இருப்பவர்களும் தேர்தல் தேதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இந்தியாவில் பெயர் சேர்க்கப் படிவம் 6, வீடு மாறியிருந்தால் படிவம் 8. இலங்கையில் கிராம உத்தியோகத்தரிடம் போய் வாக்காளர் இடாப்பைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வாக்குச்சாவடி வாசலில் நின்று சண்டை போட்டால் பெயர் முளைக்காது. தமிழ்நாட்டில் 85 வயது தாண்டிய அம்மாவோ அப்பாவோ தனியாக இருந்தால் 12டி படிவம் கொடுங்கள், அலுவலர்கள் வீட்டுக்கே வந்து வாக்கை வாங்கிக்கொள்வார்கள். அறிவிக்கை வெளியான ஐந்தே நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும் என்பதால் அவர்களுடைய வாக்காளர் அட்டையை இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள்.