ஆற்றல் அகன்ற பின்

ஒரு மனிதரை மதிக்கிறோம் என்று சொல்லும்போது, உண்மையில் நாம் எதை மதிக்கிறோம்? அவரையா, அவரால் ஆகும் காரியங்களையா? இவ்வினா புதியதன்று. எனினும், இளையோருக்கென எழுதப்பட்ட மாயக்கதை வரிசை ஒன்றினை வாசித்து முடித்த வேளையில், இது நம்மை விடாது பற்றிக்கொண்டது.

அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் (1929–2018) படைத்த ‘எர்த்சீ’ நூல்களே அவை. முதல் நூல் 1968-இல் வெளிவந்தது. 1971-இலும் 1972-இலும் அடுத்த இரண்டு வந்தன. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1990-இல் நான்காம் நூலும், 2001-இல் ஒரு கதைத் தொகுப்பும் இறுதிப் புதினமும் வெளியாயின. ஆசிரியர் கிறிஸ்தவர் அல்லர். சீன ஞானி லாவோ ட்சுவின் சிந்தனையில் தோய்ந்தவர். ஆயினும், அவர் எழுப்பும் வினா நம் மனச்சான்றின் வாயிலிலும் வந்து நிற்கிறது.

கதை நிகழ்வது கடல் சூழ்ந்த தீவுகளின் உலகில். ஒன்றன் உண்மைப் பெயரை அறிந்தவனே அதனை ஆள முடியும் என்பது அவ்வுலகின் விதி. கோண்ட் என்னும் தீவில் ஆடு மேய்த்த கெட் என்ற சிறுவன் மந்திரக் கலை பயிலச் செல்கிறான். சக மாணவனிடம் தன் பெருமையை நிலைநாட்டும் வீம்பில், இறந்தோரின் ஆவியை அழைக்கிறான். அவ்வேளையில் இருண்ட நிழலொன்று வெளிப்பட்டு அவன் முகத்தைக் கிழிக்கிறது. நெடுநாள் அதற்கு அஞ்சி ஓடியவன், பின்பு திரும்பி அதனைத் துரத்துகிறான். இறுதியில் தன் சொந்தப் பெயராலேயே அதனை அழைத்துத் தன்னோடு இணைத்துக்கொள்கிறான். இரண்டாம் நூலில், இருண்ட கல்லறைகளுக்குப் பூசாரிணியாக வளர்க்கப்பட்ட டெனார் என்னும் பெண்ணும் அவனும் ஒருவரையொருவர் விடுவிக்கின்றனர். மூன்றாம் நூலிலோ அவன் தலைமை மந்திரவாதி. சாவை வெல்ல விரும்பிய ஒருவன் வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே திறந்துவிட்ட வாயிலை மூட, தன் ஆற்றல் முழுவதையும் செலவழித்து விடுகிறான்.

இம்மூன்று நூல்களையும் நாம் ஆவலோடு வாசித்தோம். நான்காம் நூலில்தான் தடுமாறினோம். ஆற்றல் இழந்து, நோயுற்று ஊர் திரும்பும் நாயகன், தன்னைத் தேடி வரும் அரசனின் தூதர்களைக் கண்டு வெட்கி ஒளிகிறான். மலைக்குச் சென்று மீண்டும் ஆடு மேய்க்கிறான். ‘இவனுக்காகவா இத்தனை பக்கங்களைக் கடந்து வந்தோம்?’ என்ற சலிப்போடு நூலை மூடி வைத்துவிட்டோம்.

அந்தச் சலிப்பே நம்மைச் சுட்டது. நமக்கு எழுத்தறிவித்த ஆசிரியர் ஒருவர் நினைவுக்கு வந்தார். விண்ணப்பம் எழுதவும் வழக்குத் தீர்க்கவும் ஊரே அவர் திண்ணையில் காத்திருந்த காலம் உண்டு. பக்கவாதம் அவரது பேச்சைப் பறித்த பின், அத்திண்ணை வெறுமையாயிற்று. நாமும் இருமுறை சென்று பார்த்தோம்; பிறகு செல்லவில்லை. நேரமில்லை என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். உண்மை வேறு: அவரிடம் பெறுவதற்கு இனி ஒன்றுமில்லை என்று நம் உள்ளம் கணக்கிட்டுவிட்டது.

மூடிய நூலை மீண்டும் திறந்தோம். ஆசிரியர் இழப்புக்கு இனிப்புப் பூசவில்லை. போன ஆற்றல் திரும்புவதில்லை. நாயகனின் வெட்கமும் ஒரே நாளில் தீர்வதில்லை. ஆனால், இப்போது கணவனை இழந்து வாழும் டெனார், அவனது பழம்பெருமையை நாடாமல், அவனையே ஏற்கிறாள். அவள் வளர்க்கும் சிறுமியோ, பெற்ற தந்தையும் உடனிருந்தோரும் வதைத்துத் தீயில் தள்ளிய குழந்தை. அவளது வடுவை எந்த மந்திரமும் மாற்றவில்லை. அவளுக்கு வேண்டியது உடனிருக்கும் மனிதர்கள். கொடியோர் அவ்வீட்டைத் தாக்கிய இரவில், மந்திரக்கோல் ஏந்திய கை வைக்கோல் வாரும் கவைக்கோலைப் பற்றி அவர்களைக் காக்கிறது. இறுதிப் புதினத்தில் அவன், ஏணியில் நின்று பழம் பறிக்கும் கிழவன். துயரத்தோடு வந்தவனின் சொல்லைப் பொறுமையோடு கேட்டு, செல்ல வேண்டிய இடத்திற்கு அவனை ஆற்றுப்படுத்துகிறான். நாயகன் சிறுத்துவிடவில்லை, நம் பார்வைதான் சிறுத்திருந்தது.

ஆற்றலைப் பாராட்டுவது தவறன்று. திறமை இறைவனின் கொடை. அதற்கு நன்றி கூறுவது முறையே. ஆயினும், கொடை நீங்கியதும் மனிதரையே மறப்போமாயின், நாம் காட்டியது அன்பன்று, வாணிகமே. இன்று பிறரை நாம் அளக்கும் படியாலேயே, நம் கையும் தளரும் நாளில் நம்மையும் அளந்துகொள்வோம். அப்போது நம்மையே நாம் வெறுக்க நேரிடும்.

நூலை முடித்த மறுவாரம் அத்திண்ணைக்குச் சென்றோம். அவரால் பேச இயலவில்லை, நம்மாலும் இயலவில்லை. ஆனால், நம் கையைப் பற்றிய அவர், நெடுநேரம் விடவேயில்லை. நாம் செல்லாது விட்ட திண்ணை இன்னும் எத்தனை, அன்பர்களே?