அளவையும் அன்பும்

சைவ உபாத்தியாயர்களே! பதுளைப் பகுதித் தோட்டப் பாடசாலை ஒன்றிலே ஐந்தாம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் எழுந்து, "பூமியின் நிழல் வீழ்தலாற் சந்திர கிரகணம் உண்டாகின்றது என்று புத்தகம் கூறுகின்றது, இராகு விழுங்குகின்றது என்று அப்பாயி கூறுகின்றார், எது மெய்?" என வினாவுவானாயின், யாது விடை பகர்வீர்கள்? சாமி காரியத்திற் கேள்வி கூடாது என்று அதட்டுவார் சிலர். அப்பாயியை நகைத்தொதுக்குவார் வேறு சிலர். இருதிறத்தாரும் அப்பிள்ளையைச் சைவத்தினின்று ஒரே தூரம் அகற்றினவராவர்.

இவ்வினா இந்நாட்டிற்குப் புதியதன்று. அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டிலே வட்டுக்கோட்டையிற் செமினரி ஒன்றை நிறுவினர். 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்துச் சந்திர கிரகணத்தைக் குறித்து, பஞ்சாங்கம் கணித்த அராலி விசுவநாத சாஸ்திரியார் கணக்கும் செமினரியார் கணக்கும் வேறுபட்டன. வானத்திலே நிகழ்ந்ததோ செமினரியார் கணித்தவாறே. அதனைக் கொண்டு அவர்கள் புராணத்தையும், புராணவழியே சமயத்தையும் மறுக்கலாயினர்.

இதனை நிதானித்து நோக்குக. சாஸ்திரியார் கணக்குப் பிழைத்தது மெய். அதனை மறைத்தல் சைவத்துக்குத் தொண்டாகாது. ஆயின், கணக்கின் பிழையைத் திருத்துவது கணக்கேயன்றிப் பிறிதன்று. மேலும், சந்திரனைப் பூமியின் நிழலே மறைக்கின்றது என்று 499ஆம் ஆண்டளவிலேயே ஆரியபடர் தம் நூலிற் கூறிவிட்டார். ஆகவே அந்நிழல் நம்மவர்க்கு அந்நியச் சரக்கன்று. பூமி சுழல்கின்றது என்ற கலீலியோவை 1633இல் உரோமாபுரியிலே விசாரணைக்கு நிறுத்தியோர் எச்சமயத்தார் என்பதை அச்செமினரி மாணாக்கருள் ஒருவனாவது கேட்டிருப்பானோ, அறியோம்!

ஆறுமுகநாவலர் இவ்வாதத்துக்கு அஞ்சி ஓடினாரல்லர். வெஸ்லியன் பாடசாலையிலே கற்று, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைநின்று, அவர்தம் நூலை நன்கு உணர்ந்த பின்னரே 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். 1854இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்திலே, பாதிரிமார் இகழ்ந்த கிரியைகளுக்கு ஒப்பானவை அவர்தம் வேதத்தினுள்ளேயே இருத்தலை எடுத்துக்காட்டினார். எதிரியின் நூலைக் கல்லாது எதிர்வாதம் செய்தல் அவர்க்கு உடன்பாடன்று.

அம்முறை சித்தாந்தத்துக்கு இயல்பே. மெய்கண்டார் சிவஞானபோதத்துப் பன்னிரு சூத்திரங்களையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என வகுத்து நிறுவினார். அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரிலே பிறர் மதங்களை முதலில் நிறுத்தி ஆராய்ந்த பின்னரே தம் மதம் கூறினார். அளவைகள் பலவற்றையும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கினார். உரை மூன்றாவதாக நிற்றல் காண்க; காட்சிக்கு உரிய இடத்தை அது கவர்வதில்லை. இறைவன் உளன் என்பதுவரை கருதல் நம்மைக் கொண்டு செல்லும். அவன்பால் அன்புசெய்தலை அது கற்பிக்கமாட்டாது. அங்கே அருளே துணை.

இனி, நும் கண்ணெதிரே உள்ளதற்கு வருவோம். மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகளிலே ரோதை முனியை வணங்கும் வழக்கம் உண்டு. அதனைக் கண்டு நகைக்கும் இளம் உபாத்தியாயரும் உளர். இயந்திரம் ஓடுவது முனியினால் என்று அத்தொழிலாளி கருதுகின்றானா? எண்ணெய் இடுபவனும் அவனே, திருகாணி முடுக்குபவனும் அவனே. கை சிதையாது வீடு திரும்பவேண்டும் என்னும் அச்சமும், சோறிடும் சக்கரத்தின்மேல் நன்றியுமே அங்கே கைகூப்புகின்றன. அவ்வணக்கம் எவ்வளவையோடும் முரணுவதன்று.

முரணுவது வேறு. லயத்துக் காம்பிராவிலே பிள்ளை மூன்று நாளாகக் கடுஞ்சுரத்திற் கிடக்க, விபூதி இட்டாயிற்று, இனிச் சாமி பார்த்துக்கொள்ளும் என்று தந்தை வாளா இருப்பானாயின், ஆண்டு உரை காட்சியின் இடத்தைக் கவர்ந்துவிட்டது. அப்பொழுது உபாத்தியாயர் இரவென்றும் மழையென்றும் பாராது அவ்வீட்டுக்குச் செல்லுதல் வேண்டும். விபூதியை அழிக்கச் சொல்லவேண்டா. மற்றுமொருமுறை தம் கையாலேயே இட்டு, "அண்ணே, பிள்ளையைத் தூக்குங்கள், பதுளை ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்து வந்திருக்கிறேன்" என்று கூறி, தாமும் உடன் ஏறிக்கொள்க.