குடிக்கூலி

மலிவான விடுதியில் தங்குவதில் ஒரு லாபம் உண்டு. பெரிய ஹோட்டலில் நாம் வெறும் அறை எண். சின்ன விடுதியிலோ வீட்டுக்காரர்களின் சமையற்கட்டுக்குப் போகிற வழியில்தான் நம் நாற்காலி கிடக்கிறது. அவர்களுடைய சண்டையும் சிரிப்பும் நம் காதில் விழுகின்றன. நாம் எப்போது திரும்பினோம், சாப்பிட்டோமா இல்லையா என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. கொடுப்பது குடிக்கூலிதான், ஆனாலும் மூன்றாம் நாளைக்குள் பாதி விருந்தாளியாகி விடுகிறோம். குடிக்கூலிக்கு இருப்பவனுக்கும் விருந்தாளிக்கும் என்ன வேற்றுமை என்று என்னை யோசிக்க வைத்த ஊர், மெக்சிகோ தேசத்திலுள்ள குவானாஹுவாத்தோ.

கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில், ஒரு குறுகிய பள்ளத்தாக்கின் இரு சரிவுகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர் அது. நீலமும் மஞ்சளும் காவியுமாக வீடுகள் ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி நிற்கும். ஊருக்கு நடுவே ஓடிய ஆற்றைத் திருப்பிவிட்டு, அது கிடந்த தடத்தையே பூமிக்கடியில் சாலையாக்கியிருக்கிறார்கள். மேலே தெருக்கள் என்று சொல்வதைவிடப் படிக்கட்டுகள் என்று சொல்வதே பொருந்தும். பதினாறாம் நூற்றாண்டில் இந்த மலைகளில் வெள்ளி கிடைத்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்குள்ள வலென்சியானா சுரங்கம் உலகத்துக்கே வெள்ளியை வாரி வழங்கியது. சுரங்கத்தின் பக்கத்திலேயே 1788-ல் கட்டி முடித்த மாதாகோயிலின் பீடமெல்லாம் பொன் தகடு. 1988-ல் ஊரையே உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ சேர்த்துக்கொண்டது.

என் விடுதி, மூச்சு வாங்க ஏற வேண்டிய ஒரு சந்தின் உச்சியில் இருந்தது. நடுவில் சின்ன முற்றம், சுற்றிலும் ஏழு அறைகள், காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் வெந்நீர். விடுதியை நடத்துகிற அம்மாளுக்கு அறுபது வயதிருக்கலாம். எல்லாரையும் போல நானும் அவரை ‘சென்யோரா’ என்றே கூப்பிட்டேன். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம், எனக்குக் கொஞ்சம் ஸ்பானிஷ். மீதிக்குக் கைகள் இருந்தன. அறைக்கு ஒரு நாளைக்கு 450 பெசோ என்றார். நான்கு நாள் வாடகையை முன்பணமாகத் தருகிறேன், 400-க்குக் கொடுங்கள் என்று நான் பேரம் பேசினேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். மறுநாள் காலையில் மண்பானையில் பட்டையும் வெல்லமும் போட்டுக் காய்ச்சிய காப்பியை ஒரு குவளை நிறையக் கொண்டுவந்து வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. குறைத்துக் கொடுத்த ஐம்பது பெசோ அப்போதே என் நெஞ்சில் லேசாக உறுத்தியது.

அந்த ஊருக்குப் போகிறவர்கள் தவறாமல் பார்க்கிற இடம் ஒன்று இருக்கிறது. சாந்தா பவுலா என்ற மயானத்தை ஒட்டிய அருங்காட்சியகம் அது. அங்கே காட்சிக்கு வைத்திருப்பது சிலைகளையோ நாணயங்களையோ அன்று, மனித உடல்களை. 1861-ல் திறந்த அந்த மயானத்தில் சுவர்களிலே மாடம் மாடமாக அறை கட்டி, அவற்றுள் சவங்களை வைத்து மூடினார்கள். உறவினர்கள் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிற வரையில் பிணத்துக்கு இடம் உண்டு. கட்டாமல் விட்டால் வெளியே எடுத்துவிட்டு அடுத்தவருக்கு இடம் கொடுப்பார்கள். 1865-ல் அப்படி முதன்முதலாக எடுத்தபோது எலும்பை எதிர்பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். உலர்ந்த காற்றில் உடல் மக்காமல், தோலும் தலைமயிரும் உடையுமாக அப்படியே காய்ந்து போயிருந்தது. உடலுக்கு உரியவர் ஒரு பிரெஞ்சு வைத்தியர். அந்நிய நாட்டில் அவருக்காகக் கட்டணம் கட்ட ஆளில்லை. 1958 வரையில் இப்படியே வெளியேற்றிக்கொண்டு வந்தார்கள். சேர்ந்த உடல்கள் நூறுக்கும் மேல்.

உடம்புக்குள் உயிர் ஒண்டுக்குடியாக இருக்கிறது என்று வள்ளுவர் சொன்னார். அந்தக் குடிக்கூலி தீர்ந்த பிறகும், உயிர் போன உடம்புக்குத் தனியாக ஒரு குடிக்கூலி உண்டு என்பதை நான் குவானாஹுவாத்தோவில்தான் தெரிந்துகொண்டேன்.

நானும் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். பார்க்கக் கூடாது என்ற எண்ணம் வாசலில் வந்தது; அவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்புவதா என்ற எண்ணம் அதை வென்றுவிட்டது. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் அவர்கள் இருந்தார்கள். தசை காய்ந்து தாடை தொங்கியதால் பல முகங்கள் அலறுவது போலத் தோன்றின. ஒருத்தியின் கால்களில் காலுறை இன்னும் இருந்தது. இறந்த குழந்தையைத் தேவதையைப் போல அலங்கரித்து அடக்கம் செய்வது அந்தப் பக்கத்து வழக்கம். அந்த அலங்காரத்தோடு ஒரு குழந்தை கிடந்தது. எந்தத் தாய் தன் கையாலேயே தைத்த உடையோ! அடுத்த பெட்டிக்கு முன்னால் ஓர் இளைஞன், வாயை அகலத் திறந்து அந்த உடலைப் போலவே அலறுகிற பாவனையில் நின்று படம் எடுத்துக்கொண்டான். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவன் மீது எனக்குக் கோபம் வந்தது. ஆனால், உயிரோடு புதைக்கப்பட்டவள் என்று கதை சொல்கிறார்களே, அந்தப் பெண் எந்தப் பெட்டியில் இருக்கிறாள் என்று என் கண்களும் தேடிக்கொண்டுதான் இருந்தன.

வெளியே வந்து படிகளில் உட்கார்ந்து எனக்கு நானே வழக்காடினேன். செத்த உடம்புக்கு மானம் ஏது, அவமானம் ஏது? வைத்தியக் கல்லூரியில் பிணத்தை அறுத்துப் படிக்கவில்லையா? இந்தச் சீட்டுப் பணத்தால் ஊருக்கு வருமானம் இல்லையா? வாழ்வின் நிலையாமையை இதைவிட எந்த உபதேசம் கற்றுத்தரும்?

ஒவ்வொன்றுக்கும் பதில் தேடிப் பார்த்தேன். வைத்தியம் படிக்கிறவன் பிணத்திடமிருந்து பெற்றதை இன்னொரு நோயாளிக்குத் திருப்பித் தருகிறான். நான் யாருக்கு என்ன தரப்போகிறேன்? வருமானம் வருவது வாஸ்தவம். கட்டணம் கட்ட முடியாதவர்கள் என்று வெளியேற்றப்பட்டவர்கள் கட்டணம் சம்பாதித்துக் கொடுக்கிறார்கள் என்பதுதான் அதிலுள்ள கொடுமை. நிலையாமையை எடுத்துக்கொண்டால், எந்தச் சவமும் அதைக் கற்றுத்தரும். பணக்காரனுடைய சவமும் கற்றுத்தரும். பணக்காரனோ தன் மாடத்துக்குள் நிம்மதியாகப் படுத்திருக்கிறான்! பாடத்துக்கு எப்போதும் ஏழையின் உடம்புதானா கிடைக்கும்?

இந்த ஊர் செத்தவர்களைக் காட்சிக்கு வைத்தது இதுதான் முதல் தடவை என்றும் சொல்ல முடியாது. ஊரின் நடுவே அலோந்திகா என்று ஒரு பெரிய தானியக் களஞ்சியம் இருக்கிறது. ஸ்பெயின் ஆட்சியை எதிர்த்துப் புறப்பட்ட மிகெல் இதால்கோ என்ற பாதிரியாரின் சேனை, 1810 செப்டம்பர் 28-ஆம் தேதி அதைத் தாக்கிப் பிடித்தது. அடுத்த வருஷமே இதால்கோவும் மூன்று தோழர்களும் பிடிபட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் நால்வருடைய தலைகளையும் கொண்டுவந்து, அந்தக் கட்டடத்தின் நான்கு மூலைகளிலும் இரும்புக் கூண்டுகளில் தொங்கவிட்டார்கள். 1821-ல் நாடு விடுதலை பெறும் வரையில் அவை தொங்கின. பிறகு மரியாதையோடு இறக்கினார்கள். இன்று அந்த வீரர்களின் எலும்புகள் தலைநகரில் விடுதலைத் தூணின் கீழே இருக்கின்றன. வென்ற கட்சிக்காரர்களின் தலைகளை இறக்க ஒரு தேசமே வந்தது. காலுறையோடு நிற்கிற அந்தப் பெண்ணுக்காக வர யார் இருக்கிறார்கள்? சர்க்காரை எதிர்த்த குற்றத்துக்குப் பத்து வருஷக் காட்சி. ஏழையாகச் செத்த குற்றத்துக்கு நூறு வருஷத்துக்கும் மேல்!

அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி இந்த உடல்களைப் பார்த்துக் கதிகலங்கிப் போனவர். அந்தக் கலக்கத்தை ஒரு கதையாக எழுதினார். 1947-ல் வந்த அவருடைய முதல் தொகுதியில் அது இருக்கிறது. பார்த்ததை எழுதாமல் இருக்க முடியாது, அது எங்கள் ஜாதியின் குணம். இந்த இடத்தில்தான் என் வழக்கு என் மீதே திரும்பிவிட்டது.

எனக்கு ஓர் அத்தை இருந்தாள். இளம் வயதில் கணவனை இழந்தவள். கும்பகோணத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்து, அப்பளம் இட்டு விற்றுக் காலம் தள்ளினாள். ஆறு மாத வாடகை பாக்கி நின்றபோது வீட்டுக்காரர் அவளுடைய பாத்திரங்களைத் தெருவில் எடுத்து வைத்துவிட்டார். அன்று நான் அங்கே இருந்தேன். தெருவே கூடி நிற்க, அத்தை ஒரு சொம்பை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஆறு மாத பாக்கியைக் கொடுக்க என்னால் அன்று முடிந்திருக்கும், சிரமப்பட்டிருந்தால் முடிந்திருக்கும். நான் கொடுக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அதை ஒரு கதையாக எழுதினேன். சொம்பு, திண்ணை, கூடிய கூட்டம், இரவில் அவள் சத்தமில்லாமல் அழுதது, எல்லாம் அதில் இருந்தன. நல்ல கதை என்றார்கள். பத்திரிகை கொடுத்த சன்மானத்தை வைத்து எனக்கு ஒரு மேஜை வாங்கினேன்.

அத்தைக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த தடவை பார்த்தபோது, “ஏண்டாப்பா, நான் ராத்திரி அழுததைக்கூட எழுதிட்டியாமே?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, அது எப்படி உனக்குத் தெரிந்தது என்று ஆச்சரியப்படுகிறவளைப் போலக் கேட்டாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அவள் போய்ப் பல வருஷங்களாகின்றன. அந்தக் கதை இன்னும் தொகுதிகளில் வந்துகொண்டிருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்கும் புத்தக அட்டைக்கும் அப்படி என்ன பெரிய வேற்றுமை?

விடுதிக்குத் திரும்பினேன். அன்று நவம்பர் முதல் தேதி. இறந்தவர்கள் வீட்டுக்கு வருகிற நாட்கள் என்று மெக்சிகோவில் நம்புகிறார்கள். முதல் நாள் குழந்தைகளுக்கு, இரண்டாம் நாள் பெரியவர்களுக்கு. சென்யோரா வாசல் நடையில் ஒரு மேஜை போட்டு, படிபடியாகத் துணி விரித்துக்கொண்டிருந்தார். மேலே அவருடைய புருஷனின் படம், பெற்றோர் படம். சுற்றிலும் நம் ஊர்ப் பூக்கடைகளில் குவிகிற அதே துலுக்கச் சாமந்தி. அந்தப் பூ இங்கிருந்துதான் நம் தேசத்துக்கு வந்தது என்று அறிந்தபோது, தூரத்து உறவினரைக் கண்டது போல இருந்தது. மெழுகுவத்திகள், ரொட்டி, உப்பு, ஒரு கிளாஸ் தண்ணீர். நெடுந்தூரம் நடந்து வருகிறவர்களுக்குத் தாகம் எடுக்குமாம். புருஷனுக்குப் பிடித்த சுருட்டு ஒன்றும் பக்கத்தில் இருந்தது. அமாவாசைப் படையலைப் பார்த்து வளர்ந்த எனக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

“மம்மிகளைப் பார்த்தீர்களா?” என்று கேட்டார்.

“பார்த்தேன். நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?”

“பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு போனதில்லை.” பூவைக் கிள்ளிக்கொண்டே சற்று நேரம் பேசாமல் இருந்தார். “அவர்களுக்கும் தாகம் எடுக்கும்” என்றார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். படிகளில் உட்கார்ந்து நான் பிடிக்க முயன்றது அதற்குள் இருந்தது. இந்த மேஜையிலும் செத்தவர்கள் பார்வைக்குத்தான் இருக்கிறார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கலாம். ஆனால் இங்கே அவர்களுக்குப் பெயர் இருக்கிறது. அவர்களுக்கு என்ன வேண்டும் என்று ஒருவர் யோசித்திருக்கிறார். நாம் பார்ப்பதற்கு முன்பே அவர்களுக்குத் தண்ணீர் வைத்தாகிவிட்டது. அங்கே, அவர்களிடமிருந்து நமக்கு என்ன கிடைக்கும் என்பது மட்டுமே கேள்வி. ஒருவரை விருந்தாளியாக வைத்திருக்கிறோமா, வாடகைக்கு விட்டிருக்கிறோமா என்பதை இதை வைத்துச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. உயிரோடு இருப்பவர்களுக்கும் இந்தக் கணக்குச் சரியாகவே பொருந்துகிறது.

சென்யோரா ஒரு துண்டுக் காகிதத்தையும் பென்சிலையும் என்னிடம் நீட்டினார். “உங்களுக்கு யாராவது இருந்தால் எழுதுங்கள். நாளைக்கு அவர்களுக்கும் இடம் இருக்கிறது.”

அத்தையின் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவர் அந்த எழுத்துக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ரசித்தார். புருஷனின் படத்துக்குப் பக்கத்தில் அதை நிறுத்தி வைத்தார். இன்னொரு கிளாஸில் தண்ணீர் ஊற்றினார். பிறகு, “அவருக்குச் சாப்பிட என்ன பிடிக்கும்?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அவளுடைய அழுகையைப் பற்றிப் பதினான்கு பக்கம் எழுதியவன் நான். அவளுக்கு எது பிடிக்கும் என்பதை ஒருநாளும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. நாள் முழுவதும் அப்பளம் இட்டவளுக்கு அப்பளம் பிடிக்குமா என்றுகூட எனக்குத் தெரியாது. அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்து, “காப்பி” என்றேன். காப்பி பிடிக்காதவர்கள் கும்பகோணத்தில் இருக்க மாட்டார்கள் என்ற துணிச்சலில் சொன்ன பொய். அவர் அதை நம்பி, மண்பானைக் காப்பியில் ஒரு குவளை கொண்டுவந்து காகிதத்துக்கு முன்னால் வைத்தார்.

அந்த உடல்களையெல்லாம் நாளையே புதைத்துவிட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? கதை எழுதுவதையும் நான் விடப்போவதில்லை. ஆனால் ஒருவருடைய துக்கத்தை எடுத்து எழுத உட்காரும்போதெல்லாம், அவருக்குச் சாப்பிட என்ன பிடிக்கும் என்று இப்போது முதலில் கேட்டுக்கொள்கிறேன். பதில் தெரியாவிட்டால் பேனாவை மூடிவிட்டு எழுந்துபோய் விசாரிக்கிறேன். சில சமயம் அந்த விசாரணையிலேயே, எழுதுவதைவிட அவசரமாகச் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருப்பது தெரியவருகிறது.

நான்காம் நாள் காலையில் புறப்படும்போது, பேரம் பேசிக் குறைத்த இருநூறு பெசோவையும் சென்யோராவிடம் கொடுத்தேன். வேண்டாம் என்று தலையசைத்தார். “காப்பிக்கு” என்றேன். எந்தக் காப்பிக்கு என்று அவர் கேட்கவில்லை.